வி.எம்.முக்குள்தானே திறந்தேன்?

"வி.எம்.முக்குள்தானே திறந்தேன் சார், அது எப்படி வெளியே வந்தது?" என்று ஒரு கணக்காளர் போனில் கேட்டார்.

வி.எம். என்றால் விர்ச்சுவல் மெஷின், கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. சந்தேகமான மின்னஞ்சல் இணைப்புகளைத் திறக்கவென்றே, அதை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் ஒரு விண்டோஸ் வைத்திருந்தார். நல்ல பழக்கம்தான். இன்வாய்ஸ் என்று வந்த கோப்பு, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேராக இருந்தது. பதறாமல் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பே சேமித்து வைத்த வி.எம். நிலைக்குத் திரும்பினார். கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் அந்தக் கணினி, பளிச்சென்று எழுந்து நின்றது. அப்புறம்தான் ஹோஸ்டின், அதாவது வெளியே இருக்கும் நிஜக் கணினியின், டி டிரைவைத் திறந்திருக்கிறார். கணக்குக் கோப்புகள் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத ஒரு வால்.

போனதும் நான் பார்த்தது, ஹோஸ்டின் கோப்புகளைக் கெஸ்ட்டுக்கும் காட்டும் ஷேர்டு ஃபோல்டர் அமைப்பை. டி டிரைவ் மொத்தமும் பகிரப்பட்டிருந்தது. தானாக இணைக்கும் 'ஆட்டோ மவுண்ட்' டிக் இருந்தது, படிக்க மட்டும் விடும் 'ரீட் ஒன்லி' டிக் இல்லை. கெஸ்ட்டுக்குள் அது இன்னொரு டிரைவாகத் தெரியும். ரான்சம்வேர் எந்தச் சுவரையும் உடைக்கவில்லை. எழுத அனுமதி இருந்த இடத்தில் எழுதிவிட்டுப் போனது. ஸ்னாப்ஷாட் வி.எம்.மின் வட்டைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். ஹோஸ்ட் கோப்புகளை அது தொடாது.

சுவரே உடைவதும் உண்டு. 2015 மே மாதம் வெளியான 'வெனம்' என்ற பாதுகாப்பு ஓட்டை, வி.எம்.களை ஓட்டும் கியூஎமு மென்பொருளின் ஃபிளாப்பி கண்ட்ரோலர் நிரலில் 2004 முதல் கிடந்தது. அதே நிரலைக் கொண்டிருந்த விர்ச்சுவல்பாக்ஸும் மாட்டியது. ஃபிளாப்பியை யார் தொடுகிறார்கள்? ஆனால் நிரல் உள்ளே இருந்ததே! அதனால் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், தேவையில்லாத யு.எஸ்.பி., ஃபிளாப்பி, 3டி ஆக்ஸிலரேஷன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இருந்தாலும் நான் போய்ப் பார்த்த இடங்களில் எல்லாம் திருடன் வந்தது திறந்து வைத்த கதவு வழியாகத்தான்.

கிளிப்போர்டு அப்படியொரு கதவு. இருபக்கமும் பகிர்ந்திருந்தால், ஹோஸ்டில் நீங்கள் காப்பி செய்த வங்கிக் கடவுச்சொல் கெஸ்ட்டுக்கும் கிடைக்கும். வேலைகளைத் தனித்தனி வி.எம்.களில் பிரித்து ஓட்டும் கியூப்ஸ் ஓ.எஸ்.சில் ஒரு வி.எம்.மிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்ட வேண்டுமென்றால் தனி விசைகளை அழுத்தியாக வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

நெட்வொர்க்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கெஸ்ட்டை ஹோஸ்டின் முகவரிக்குப் பின்னால் வைக்கும் 'நாட்' அமைப்பைப் போட்டால் பத்திரம் என்று நினைப்பு. வெளியிலிருந்து கெஸ்ட்டுக்குள் வருவது கடினம், சரி. ஆனால் கெஸ்ட்டிலிருந்து உங்கள் ரவுட்டர், பிரிண்டர், பக்கத்து மேசைக் கணினி வரைக்கும் போகலாம். சந்தேகக் கோப்பைத் திறக்கும் முன் நெட்வொர்க் அடாப்டரையே கழற்றிவிடுங்கள்.

கணக்காளரிடம் டி டிரைவ் பகிர்வை நீக்கிவிட்டு ஒரு காலி ஃபோல்டரை மட்டும் கொடுத்தேன், அதுவும் ரீட் ஒன்லியாக. "வி.எம்.மிலிருந்து எனக்கு ஒன்றும் வெளியே எடுக்க முடியாதே சார்?" என்றார்.

"அதற்குத்தான்."

பழைய வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் மார்ச் வரைக்குமான பேக்கப் இருந்தது. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பில்களைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார்கள்.