கூவி அழைக்கும் அடுப்பு

பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் திருகோணமலை டச்பே கடற்கரைக்கு வந்து பாருங்கள். ஒரு பக்கம் கச்சான் வண்டி, இன்னொரு பக்கம் இறால் வடை, நடுவில் பாட்டுப் போட்டபடி ஐஸ்கிரீம் வாகனம். நடக்க வந்தவர்கள் யாரும் எது எங்கே இருக்கிறது என்று படித்துவிட்டு வருவதில்லை. பசித்தவர் வடைப் பக்கம் திரும்புகிறார். பிள்ளை அழுதால் அப்பா ஐஸ்கிரீம் பக்கம் போகிறார். நாளைக்கு ஒருவர் புதிதாகச் சோளம் அவித்துக்கொண்டு வந்து நின்றால், மக்களுக்கு அதைப்பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அவர் கூவினால் போதும்.

சிம்ஸ் என்பது, சிம் எனப்படும் மனிதப் பாத்திரங்களின் அன்றாட வாழ்க்கையை நாம் நடத்தும் கணினி கேம். அது போன்ற வாழ்க்கை கேம்கள் உள்ளே இயங்குவதும் இப்படித்தான். நிறுவனம் காசுக்கு விற்கும் கூடுதல் தொகுப்பான எக்ஸ்பான்ஷன் பேக்கும், ஆர்வலர்கள் வீட்டிலிருந்து செய்து இலவசமாகக் கொடுக்கும் சேர்க்கையான மொட்டும் ஒரே கேமுக்குள் வந்து குடியேற முடிவதற்குக் காரணமும் இந்தக் கூவல்தான்.

எனக்கு இது புரிந்தது அக்காவின் மகளால். உவர்மலையில் அவர்கள் வீட்டு விறாந்தையில் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு, சிம்ஸ் 4-க்கு ஒரு மண் அடுப்புச் செய்துகொண்டிருந்தாள். அம்மம்மாவின் குசினியில் இருந்ததே, மூன்று குமிழ் வைத்த அடுப்பு, அதேதான். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் அதன் உருவத்தை வனைந்தாள். பிறகு, சிம்ஸ் 4 ஸ்டூடியோ என்று ஆர்வலர்கள் உருவாக்கிய கருவியில், கேமில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சாதாரண அடுப்பைப் பிரதி எடுத்து, அந்த உருவத்தைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டினாள்.

கேமைத் திறந்தோம். சிம் ஆள் நேராக மண் அடுப்பிடம் போய்ச் சமைக்கத் தொடங்கினான். நடுவில் குனிந்து, இல்லாத ஒரு கதவை இழுத்துத் திறந்தான்.

"மாமா, இஞ்ச பாருங்கோ, அவன் கதவைத் தேடுறான்!"

அந்தக் காட்சி எனக்கு நிறையச் சொல்லித் தந்தது. அடுப்பை எப்படிப் பயன்படுத்துவது என்ற அறிவு அந்த ஆளிடம் இல்லை. அது அடுப்புக்குள் இருக்கிறது. அவள் உருவத்தை மாற்றினாள், உள்ளே இருந்த அறிவை மாற்றவில்லை. அவன் திறந்த கதவுக்கு உள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. உருவத்தை அசைக்கும், கண்ணுக்குத் தெரியாத சட்டத்தைத்தான் எலும்பு என்கிறார்கள். அந்த எலும்பு அசைந்தது. அதோடு ஒட்டிய உருவம் எதுவும் இல்லாததால் கை காற்றை இழுத்தது.

இந்த ஏற்பாடு முதல் கேமிலேயே இருந்தது. கேம் வடிவமைப்பாளர் வில் ரைட்டும் அவருடைய மேக்ஸிஸ் நிறுவனமும் சிம்ஸை 2000 பெப்ரவரியில் வெளியிட்டார்கள். 1991-இல் ஓக்லண்டில் பரவிய பெருந்தீயில் ரைட்டின் வீடு எரிந்துபோனது. எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்க வேண்டிவந்தபோது, ஒரு மனிதனுக்கு எந்தப் பொருள் எதற்காகத் தேவைப்படுகிறது என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். போரையும் 2004 சுனாமியையும் பார்த்த ஊரில் இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. சட்டி பானையிலிருந்து மறுபடி தொடங்கியவர்களுக்குப் பொருட்களின் அருமை தெரியும்.

சரி, கூவல் எப்படிக் கணக்காகிறது? சிம் ஒவ்வொருவருக்கும் பசி, தூக்கம், சுத்தம், பொழுதுபோக்கு, நட்பு என்று சில தேவைகள் உண்டு. முதல் கேமில் எட்டு. ஒவ்வொன்றும் 100-இலிருந்து கழித்தல் 100 வரை ஏறி இறங்கும் ஒரு எண். ஒவ்வொரு பொருளும் 'என்னிடம் வந்தால் பசி இவ்வளவு தீரும், பொழுது இவ்வளவு போகும்' என்று தன்னைச் சுற்றி அறிவித்துக்கொண்டே இருக்கும். சிம் அந்த அறிவிப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுவான். வயிறு நிரம்பியவனுக்கு அடுப்பின் குரல் மெல்லியதாகவும், வயிறு காய்ந்தவனுக்கு உரத்தும் கேட்கும். தூரம் கூடினால் மதிப்பெண் குறையும். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. எப்போதும் முதல் மதிப்பெண் பெற்றதையே தேர்ந்தெடுத்தால் சிம் இயந்திரம் போல நடப்பான். அதனால் முன்னணியில் இருக்கும் சிலவற்றுக்குள் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுக்கும்படி வைத்தார்கள். மனிதன் மாதிரித் தெரிவதற்கு அந்தச் சின்னத் தடுமாற்றம் தேவைப்பட்டது.

இப்போது எக்ஸ்பான்ஷனுக்கு வருவோம். முதல் கேம் வந்த அதே ஆண்டு ஆகஸ்டிலேயே முதல் எக்ஸ்பான்ஷன் வந்துவிட்டது. 2003-க்குள் மொத்தம் ஏழு. அறிவு பொருளுக்குள் இருந்ததால்தான் அவ்வளவு வேகம் சாத்தியமானது. பழைய சிம்களுக்கு ஒன்றையும் புதிதாகக் கற்பிக்காமல், புதிய பொருட்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவை கூவின, சிம்கள் போனார்கள்.

சிம்ஸ் 4 2014-இல் வந்தது. அதை நிறுவியிருக்கும் இடத்தைத் திறந்தால் இபி01, இபி02 என்று வரிசையாக ஃபோல்டர்கள் கிடக்கும். ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனுக்கும் ஒன்று. ஆனால் புது எக்ஸ்பான்ஷன் விற்பனைக்கு வரும்போது, வாங்காதவர்களுக்கும் சேர்த்தே பெரிய அப்டேட் ஒன்று வரும். பொதுவான நிரல் எல்லோருக்கும் போகிறது, பொருட்களும் ஊர்களும் உடைகளும் வாங்கியவர்களுக்குப் போகின்றன. ஒருவரிடம் மூன்று பேக், இன்னொருவரிடம் பத்து என்று இருக்கும்போது, இருவருக்கும் வேறு வேறு நிரல் ஓடினால் பிழை திருத்தி முடியாது. அதனால் இந்த ஏற்பாடு.

மொட் வரும் வழியும் பக்கத்து வாசல்தான். 'மொட்ஸ்' என்ற ஃபோல்டரை கேமே உருவாக்கி வைத்திருக்கிறது. கேமுக்குள் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும், படமோ உருவமோ நடத்தையோ எதுவானாலும், மூன்று எண்களால் ஆன ஒரு முகவரி உண்டு: அது என்ன வகை, எந்தக் குழு, அதில் எந்த ஒன்று. புதிய முகவரியோடு வந்தால் அது புதிய பொருள். அக்கா மகளின் மண் அடுப்பு அப்படி வந்தது. ஏற்கெனவே உள்ள முகவரியோடு வந்தால், பழையது இருந்த இடத்தில் புதியது உட்கார்ந்துகொள்ளும்.

சிக்கல் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் வருகிறது. பசி குறையும் வேகத்தை மட்டும் மாற்ற நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றப்போவது ஒரு எண். ஆனால் அந்த எண் இருக்கும் எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவக் கோப்பு முழுவதையும் பிரதி எடுத்து, எண்ணை மாற்றி, அதே முகவரியில் வைக்க வேண்டும். அடுத்த மாத அப்டேட்டில் நிறுவனம் அந்தக் கோப்பில் இரண்டு வரி புதிதாகச் சேர்க்கிறது. உங்கள் பழைய பிரதி அதன்மேல் உட்கார்ந்திருப்பதால் அந்த இரண்டு வரியும் கேமின் கண்ணில் படாது. அவற்றை நம்பியிருக்கும் வேறு ஏதோ ஒன்று, சம்பந்தமே இல்லாத இடத்தில், நின்றுபோகும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு சிம்ஸ் 4 மொட்களைத் தானாகவே அணைத்து வைப்பது இதற்காகத்தான். பலர் இதைத் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள். எனக்கு அது நியாயமான எச்சரிக்கையாகவே படுகிறது.

மருமகளின் கேமிலும் ஒருநாள் குழப்பம் வந்தது. சிம் ஆள் சமைத்துவிட்டு, தட்டைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றான். உட்காரவுமில்லை, சாப்பிடவுமில்லை. அவளிடம் 120 மொட்கள் இருந்தன. இதற்கு விளையாடுபவர்களிடம் ஒரு பழைய வைத்தியம் உண்டு: பாதியை வெளியே எடுத்துவிட்டுப் பார்ப்பது. பிழை இருக்கும் பாதியை மறுபடி பாதியாக்கினால், 120 ஏழே சுற்றில் ஒன்றாகிவிடும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் அன்றைக்கு முதல் பாதியைப் போட்டாள், நன்றாக ஓடியது. மற்றப் பாதியைப் போட்டாள், அதுவும் நன்றாக ஓடியது. அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தபடி யோசித்ததில்தான் பிடிபட்டது. குற்றவாளி ஒன்றல்ல, ஒரு சோடி. ஆளுக்கொரு பாதியில் இருக்கிறார்கள். சேர்ந்தால் மட்டும் சண்டை. அப்புறம் ஒரு பாதியை முழுதாக வைத்துக்கொண்டு மற்றதைப் பிளந்து பிளந்து ஆறு சுற்றில் ஒருவரைப் பிடித்தாள். அவரை வைத்துக்கொண்டு அடுத்த பாதியில் இன்னும் ஆறு சுற்று. இரண்டு மொட்களும் ஒரே முகவரியில் ஒரே கோப்பை மாற்றியிருந்தன. அந்தச் சோடியை உட்கார வைத்தவள் அவளேதான். மொட்டின் விவரக் குறிப்பைப் படிக்காமல் இரண்டையும் போட்டிருக்கிறாள்.

கேமின் நடத்தையையே மாற்றும் மொட்கள் இன்னொரு வகை. சிம்ஸ் 4-இல் அவை பைதான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்கள். கேமின் ஒரு செயல் நடக்கும்போது இடையில் புகுந்து தன் வேலையைச் செய்துவிட்டு விடும். கேமின் உள்ளே அந்தச் செயலின் பெயர் மாறினாலே போதும், மொட் படுத்துவிடும். இவற்றில் ஆபத்தும் உண்டு. நிரல் என்றால் உங்கள் கணினியில் எதையும் செய்யக்கூடிய நிரல். 2024 தொடக்கத்தில் சில சிம்ஸ் மொட்களுக்குள் கடவுச்சொற்களைத் திருடும் நிரல் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. உடையும் தளபாடமும் வெறும் தரவு. நிரல் மொட் அப்படியல்ல. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்.

ஆக, கேம் நிறுவனங்கள் சொல்லும் 'அதிகாரபூர்வ மொட் ஆதரவு' என்ற சொல்லுக்குள் பல படிகள் இருக்கின்றன. ஃபோல்டரைத் திறந்து வைப்பது ஒரு படி. உள்ளே உள்ளதை மொட்டர்களுக்காகவே, அதாவது மொட் செய்பவர்களுக்காகவே, திருத்தி அமைப்பது வேறு படி. இரண்டாவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாகச் செய்து 2016-இல் வெளியிட்ட பண்ணை கேம் அது. அதில் முன்பு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண்தான் அடையாளம். இரண்டு மொட்கள் ஒரே எண்ணைப் பிடித்தால், நீங்கள் பெட்டிக்குள் வைத்த கத்தரிக்காய் வேறொன்றாக மாறிவிடலாம். 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பில் எண்ணுக்குப் பதில் எழுத்தாலான பெயர் வந்தது. மொட்டர் தன் பெயரையும் சேர்த்துப் பொருளுக்குப் பெயர் வைக்கலாம். கந்தையா என்று தெருவில் நான்கு பேர் இருந்தால், அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவது போல. பெரிய மாற்றம்போலத் தோன்றாது. ஆனால் மொட் செய்பவரின் வேலைக்கு ஒருவர் கொடுத்த மரியாதை அது. அந்தப் பதிப்புக்கும் காசு வாங்கவில்லை. அதற்கு முந்தைய அப்டேட்களுக்கும் வாங்கவில்லை.

காசு என்றதும் சொல்லியாக வேண்டும். சிம்ஸ் 4-இன் அடிப்படை கேம் 2022 ஒக்டோபரிலிருந்து இலவசம். ஒரு எக்ஸ்பான்ஷனின் முழு விலை 40 டொலர், நம் காசில் 12,000 ரூபாய்க்குக் கிட்ட. எல்லாப் பேக்குகளையும் முழு விலையில் வாங்கினால் 1,000 டொலரைத் தாண்டும். மொட்களை விற்கக் கூடாது என்று, சிம்ஸை வெளியிடும் ஈஏ நிறுவனம் 2022-இல் சொன்னது. கொஞ்ச நாள் முன்கூட்டியே ஆதரவாளர்களுக்குக் கொடுக்கலாம், பிறகு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்பது அப்போதைய விதி.

நிறுவனம் எதைச் செய்யும் என்பதும் கணக்குத்தான். 2021-இல் மும்பைத் தெருக்களை வைத்து ஓர் உடைத் தொகுப்பை விற்றார்கள். மும்பை பெரிய சந்தை. நீத்துப்பெட்டிக்கும் இடியப்பத் தட்டுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழுக்கும் யாரும் எக்ஸ்பான்ஷன் செய்யப்போவதில்லை. அதற்காக நான் கோபப்படவில்லை. ஆனால் வாசல் மூடியிருந்தால் நம் வீடு அந்த உலகத்தில் ஒருபோதும் இருக்காது. வாசல் திறந்திருப்பதால், உவர்மலையில் ஒரு பெண்பிள்ளை அதைக் கட்ட முடிகிறது. மொட் ஆதரவு எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். மொன்றியலில் உருவாகும் பாராலைவ்ஸ் கேமின் குழு, எக்ஸ்பான்ஷன்களை விற்கப்போவதில்லை, மொட்களுக்கு இடம் தருவோம் என்று சொல்லியிருக்கிறது. கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2025 மார்ச்சில் முன்னோட்டமாக வெளியிட்ட இன்சோய்க்கு மொட் கருவிகளைத் தானே கொடுத்திருக்கிறது. இரண்டையும் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

மண் அடுப்பின் கதவுப் பிரச்சினைக்கு மருமகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சமையல் செயல்களின் பட்டியலைத் தன் அடுப்புக்கென்று தனி முகவரியில் பிரித்து, கதவு திறக்கும் செயல்களை எல்லாம் அதிலிருந்து நீக்கினாள். அடுப்பின்மேல் வைத்துச் சமைப்பவை மட்டும் மிஞ்சின. அடிப்படை கேமின் அடுப்பிலிருந்து எடுத்ததால் அதற்கு எக்ஸ்பான்ஷன் எதுவும் தேவையில்லை. டொரொண்டோவில் இருக்கும் என் தம்பியின் மகள் அதைப் பதிவிறக்கித் தன் கேமில் வைத்தாள். அவள் மண் அடுப்பை நேரில் பார்த்ததில்லை. இரவு வீடியோ அழைப்பில் திரையைத் திருப்பிக் காட்டினாள். பளபளவென்ற ஒரு கனடா வீட்டுக் குசினி, மூலையில் நம் அடுப்பு. வேலை முடிந்து வந்த சிம் ஒருத்தி, பக்கத்தில் இருந்த விலையுயர்ந்த அடுப்பைத் தாண்டிப் போய், அதன் முன்னால் நின்று சமைக்கத் தொடங்கினாள்.