மாடலருக்கு உயிர் கொடுக்கப் போய் இரண்டையும் எரிக்காதீர்கள்

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. 50 வாட்ஸ் ட்யூப் ஹெட் (கண்ணாடி வால்வுகளில் ஓடும், உள்ளே ஸ்பீக்கர் இல்லாத கிடார் ஆம்ப்), கூடவே ஒரு மாடலர் (ஆம்பின் ஒலியை டிஜிட்டலாக உருவாக்கித் தரும் பெட்டி), இரண்டுமே போய்விட்டன. கொண்டுவந்தவர் சர்ச்சில் ஆராதனைக்குக் கிடார் வாசிக்கும் ஒரு தம்பி. பின்பக்கத் தகட்டைக் கழற்றியதுமே வார்னிஷ் கருகிய வாடை அடித்தது. இஎல்34 என்ற பவர் ட்யூபின் சாக்கெட்டில் இரண்டாவது பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவே மெல்லிசாக ஒரு கரிக்கோடு, தீப்பொறி பாய்ந்த தடம். ஆம்ப் ரிப்பேர் செய்கிறவர்களுக்கு அந்தக் கோடே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

"ஸ்பீக்கர் கேபினெட் எங்கே தம்பி?"

"சர்ச்ல கேபினெட் வைக்க விடமாட்டாங்கண்ணே. அதான் ஸ்பீக்கர் அவுட்டை நேரா மாடலரோட ரிட்டர்ன் இன்புட்ல குடுத்தேன்."

"எதுக்கு இந்த வேலை?"

"மாடலர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உயிர் இல்லண்ணே. ஒரு ட்யூப் சேர்த்தா வந்துடும்னு சொன்னாங்க."

சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. எல்லோரும்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1998-ல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற மாடலர் வந்த காலத்தில் இந்தக் குறையில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தது, 2011 வாக்கில் கெம்பர் வந்தது, இப்போது நியூரல் நெட்வொர்க்கை வைத்து ஒரு ஆம்பை அப்படியே படியெடுக்கிறார்கள். அப்படி எடுத்த நல்ல கேப்சரையும் அசல் ஆம்பையும் ஒரே மானிட்டரில் மாற்றி மாற்றிப் போட்டால், அனுபவமுள்ள காதுகளே தடுமாறுகின்றன. பிறகு ஏன் "உயிர் இல்லை" என்று தோன்றுகிறது?

மாடலரில் கேபினெட் ஐஆர் (ஸ்பீக்கரும் மைக்கும் ஒலியை மாற்றும் விதத்தைப் பதிந்த கோப்பு) ஓடும்போது உங்கள் காதுக்கு வருவது, ஸ்பீக்கர் கோனுக்கு முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்த ஒலி. ஆம்புக்கு நாலடி தள்ளி நின்று வாசிக்கும்போது காலிலும் வயிற்றிலும் உணர்கிற ஒலி வேறு. பெரிய ஸ்டூடியோவில், விலை உயர்ந்த ட்யூப் ஆம்புக்கு மைக் வைத்து, அதை ஹெட்ஃபோனில் கேட்டாலும் இதே குறை தெரியும். ட்யூப் இருந்தும் தெரியும்! அப்படியென்றால் குறை ட்யூபில் எப்படி இருக்க முடியும்?

அடுத்தது சத்தத்தின் அளவு. குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸும் உச்ச ஸ்தாயியும் குறைவாகவே கேட்கும். ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. ராத்திரி படுக்கையறையில் மெதுவாக வைத்துக்கொண்டு பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிச் செய்த பேட்ச் (மாடலரில் சேமித்த செட்டிங்), மேடைச் சத்தத்தில் கீழே குழம்பும், மேலே காதைக் கிழிக்கும். அதற்கு "டிஜிட்டல் சவுண்டு" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கிடார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும் ஒரு கருவி. உங்கள் பேட்சில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிப் பாருங்கள். ஐஆரை மாற்றிப் பாருங்கள். வாசிக்கப் போகிற சத்தத்திலேயே பேட்சைச் சரிசெய்யுங்கள். என்னிடம் "ட்யூப் வாங்கலாமா" என்று வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்றையும் செய்து பார்க்காதவர்கள். காசு செலவில்லாத வேலை, தயவுசெய்து முதலில் இதைச் செய்யுங்கள்.

மாடலருக்கு முன்னால் ட்யூப் பெடல் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். உண்மையான ஆம்பில் 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன ட்யூபுக்குக் கிடைப்பது 200, 300 வோல்ட். 9 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெடலுக்குள் அந்த மின்னழுத்தத்தை ஏற்றித் தருகிற சர்க்யூட் இருந்தால் சரி, அப்படிப்பட்ட நல்ல பெடல்கள் இருக்கின்றன. இல்லாவிட்டால் ட்யூப் பட்டினிதான் கிடக்கும், டிஸ்டார்ஷன் வேலையை ஆப்-ஆம்போ டையோடோ பார்க்கும். கண்ணாடி ஜன்னல் வைத்து, ட்யூபுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி ஒட்டி விற்கிற பெட்டிகளை நானே திறந்து பார்த்திருக்கிறேன். 12ஏஎக்ஸ்7-ன் ஹீட்டர் வெளிச்சம் மங்கலானது, வீட்டு வால்வு ரேடியோவின் பின்னால் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தகதகவென்று எரிந்தால் சந்தேகப்படுங்கள். அதோடு, மாடலருக்குள் ஏற்கெனவே ஒரு ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்குகிற பகுதி) ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முன்னால் இன்னொன்றை வைத்தால் கெய்னும் இரைச்சலும்தான் கூடும்.

ட்யூபால் உண்மையிலேயே பயன் கிடைக்கிற இடம் பவர் ஆம்ப், அதாவது ஸ்பீக்கரை ஓட்டுகிற கடைசிப் பகுதி. ட்யூப் பவர் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஏசி மின்சாரத்துக்கான தடை) அதிகம். அதனால் அது ஸ்பீக்கரை இறுக்கிப் பிடிக்காது. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறுகிற இடங்களில், அதாவது 100 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் உச்ச ஸ்தாயியிலும், ஒலியும் கொஞ்சம் எழும்பும். விரலுக்குக் கீழே "துள்ளுது" என்று சொல்கிறார்களே, அதில் பெரும்பங்கு இதுதான். ட்யூப் இல்லாத கிளாஸ் டி பவர் ஆம்ப் இதைத் தானாகச் செய்யாது. உங்களிடம் ஏற்கெனவே நல்ல ட்யூப் ஆம்பும் கேபினெட்டும் இருந்து, சத்தமாக வாசிக்க இடமும் இருந்தால், மாடலரின் அவுட்டை ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப் ரிட்டர்னில் (ப்ரீஆம்பைத் தாண்டி நேராகப் பவர் ஆம்புக்குப் போகும் இன்புட்) கொடுங்கள். அந்தப் பாதையில் கேபினெட் ஐஆரை அணைத்துவிடுங்கள், பவர் ஆம்ப் மாடலையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வேலை இரண்டு தடவை நடக்கும். பிஏ-வுக்கு, அதாவது கூட்டத்துக்கான ஸ்பீக்கர்களுக்குப் போகிற அவுட்டில் மட்டும் ஐஆர் இருக்கட்டும். இந்த அமைப்பு பிரமாதமாக இருக்கும், நானே பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

கேபினெட் வைக்க முடியாத இடத்தில் வாசிக்கிறவருக்கு இதில் ஒரு பயனும் இல்லை. அந்தத் தம்பிக்குத் தேவைப்பட்டது நல்ல ஐஆரும் ஒழுங்கான மானிட்டரும் மட்டுமே.

இனி, ட்யூபைச் சேர்த்தே தீருவேன் என்கிறவர்களுக்கு. ட்யூப் ஆம்பை லோடு இல்லாமல், அதாவது ஸ்பீக்கரோ அதற்கு ஈடான ஒன்றோ இணைக்காமல், ஒரு நிமிஷம்கூட வாசிக்காதீர்கள். தம்பியின் ஆம்ப் போனது இப்படித்தான். மாஸ்டர் வால்யூம் குறைவாக இருக்கிறது என்பது பாதுகாப்பு ஆகாது. ஸ்பீக்கர் அவுட் என்று எழுதியிருக்கும் ஓட்டையிலிருந்து எந்த மாடலருக்கும், இன்டர்ஃபேஸுக்கும், மிக்ஸருக்கும் கேபிள் போகக் கூடாது. 50 வாட்ஸ் ஆம்ப் 16 ஓமில் தருவது 28 வோல்ட், லோடு இல்லாதபோது அதைவிடப் பல மடங்கு. உங்கள் மாடலரின் ரிட்டர்ன் எதிர்பார்ப்பதோ ஒன்றிரண்டு வோல்ட். சத்தமில்லாமல் வேண்டுமென்றால் ஆம்பின் வாட்ஸைத் தாங்குகிற லோடு பாக்ஸ் (ஸ்பீக்கரின் இடத்தில் ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி) வாங்குங்கள், ஓம் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கருக்குக் கிடார் கேபிளைப் போடாதீர்கள். அது மெல்லிய கம்பி, சூடேறி அறுந்தால் மறுபடியும் லோடு இல்லாத நிலைதான்.

மாடலரையும் ஆம்பையும் இணைத்ததும் "ம்ம்ம்" என்று ஹம் வரும். உடனே மூன்று முள் ப்ளக்கின் பெரிய முள்ளை உடைத்துவிட்டு, "ஹம் போயிடுச்சுண்ணே" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது. ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சி நகரில், எர்த் சரியில்லாத மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். நம்மூர் கல்யாண மேடைகளில், ஜெனரேட்டர் லைனில், எர்த் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கம்பியில் விரலும் மைக்கில் உதடும் இருக்கப் போவது உங்களுடையவை. ஹம் வந்தால் இரண்டு கருவிகளையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போடுங்கள். அப்படியும் போகாவிட்டால் சிக்னல் வழியில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். எர்த்தில் கை வைக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து பழைய ஆம்ப் வருகிறது என்றால், பின்பக்கம் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் நம்மூர் 230-ல் சொருகாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று உள்ளே விரலை விடவும் வேண்டாம், கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். எந்தக் கேபிள் எங்கே போக வேண்டும் என்று சந்தேகம் வந்தால், ஆன் செய்வதற்கு முன்னால் பின்பக்கத்தைப் படம் எடுத்து உங்களுக்குத் தெரிந்த டெக்னீஷியன் யாருக்காவது அனுப்பிக் கேளுங்கள். அதற்கு நாங்கள் யாரும் காசு வாங்குவதில்லை.