ரோபோ கறவையில் இடைவெளிதான் கணக்கு

ஆள் இல்லாமல் தானே பால் கறக்கும் கறவை ரோபோ நெதர்லாந்துப் பண்ணைகளுக்கு 1992-இல் வந்தது. மாட்டை எப்போது கறப்பது என்பதை அதுவரை ஆள் தீர்மானித்தார்; அன்று முதல் மாடே தீர்மானிக்கிறது. மடி கனத்தால் மாடு தானே வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மடிக்கனத்தைவிட அடர்தீவனமே மாட்டை வலுவாக இழுக்கிறது என்று சோதனைகள் காட்டின. அதனால்தான் மாடு நின்று கறவை கொடுக்கும் ரோபோவின் பெட்டிக்குள் தீவனத் தொட்டி இருக்கிறது.

மாடு நுழைந்ததும் கழுத்துப் பட்டையிலுள்ள மின்னணு அட்டையை ரோபோ படிக்கிறது. கறந்து 6 மணி நேரம்கூட ஆகவில்லை என்றால் பெரும்பாலும் தீவனம் தராமல் வெளியே அனுப்பிவிடும். அனுமதி கிடைத்தால் காம்புகளைத் தூரிகையோ தனிக் குவளையோ கழுவும். இந்தத் தொடுதல்தான் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைத்துப் பாலை இறக்குகிறது. பிறகு லேசரும் கேமராவும் காம்பைத் தேடிப் பிடிக்க, பால் உறிஞ்சும் நான்கு குவளைகள் ஒவ்வொன்றாக ஏறும். எந்தக் காம்பில் பால் ஓட்டம் குறைகிறதோ அந்தக் குவளை மட்டும் கழன்றுவிடும். காலியான காம்பு வீணாக இழுபடுவதில்லை. ரோபோவின் பெரிய நன்மைகளில் இது ஒன்று. ஒவ்வொரு காம்பின் பாலிலும் மின்கடத்துதிறனும் அளக்கப்படுகிறது. மடிநோய் வந்தால் சோடியமும் குளோரைடும் பாலில் கசிந்து இந்த அளவு உயரும்.

ஒரு பெட்டி எத்தனை மாடுகளைத் தாங்கும்? நாளுக்கு 1440 நிமிடங்கள். கழுவலுக்கும் பராமரிப்புக்கும் 90 நிமிடம் போகும். மீதியில் எட்டில் ஒரு பங்கு பெட்டி காலியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பயந்த மாடுகளுக்கு இடமே கிடைக்காது. ஒரு கறவைக்கு 7 நிமிடம் என்றால் சுமார் 170 கறவை. மாட்டுக்கு நாளுக்கு 2.7 முறை என்று வைத்தால் 63 மாடுகள்.

இந்தச் சராசரி ஏமாற்றும். சில மாடுகள் நான்கு முறை வரும், சில ஒரே முறைதான் வரும். கறந்து 12 மணி நேரத்தைத் தாண்டிய மாடுகளின் பட்டியலைக் காலையும் மாலையும் பார்த்து ஓட்டி வர வேண்டும். அந்தப் பட்டியலில் ஒரே மாடு திரும்பத் திரும்ப வந்தால் முதலில் அதன் குளம்பைப் பாருங்கள். நொண்டும் மாடு நடக்கத் தயங்கும். குவளை பொருத்த முடியாமல் போவதும் இரு கறவைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கெடுக்கும். மடி முடி வளர்ந்திருந்தால், பின்காம்புகள் ஒட்டியோ குறுக்கிட்டோ இருந்தால், கேமராக் கண்ணாடியில் சாணம் படிந்திருந்தால் ரோபோ காம்பைத் தவறவிடும். இறங்கிய பால் மடியிலேயே தங்க, அடுத்த வருகைக்குள் இடைவெளி இரட்டிப்பாகிவிடும். தங்கிய பாலின் அழுத்தம் சுரப்பையும் குறைக்கிறது.

இடைவெளி மிகக் குறைந்தாலும் கேடுதான். பாலின் கொழுப்புத் துளிகளை மெல்லிய சவ்வு மூடியிருக்கும். அடிக்கடி கறந்த பாலில் அந்தச் சவ்வு எளிதில் கிழிகிறது. கொஞ்சமான பாலோடு காற்றும் சேர்ந்து பம்பில் அலைக்கழிந்தால் கிழிசல் இன்னும் கூடும். பாலில் இயல்பாகவே உள்ள லிபேஸ் நொதி அப்போது கொழுப்பைப் பிளந்து கெட்ட நெடி வீசும் அமிலங்களை உண்டாக்குகிறது. கறந்த பாலைச் சேர்த்துக் குளிரவைக்கும் குளிர்தொட்டியிலும் இதே ஆபத்து உண்டு: தொட்டியைக் காலி செய்தபின் நாள் முழுதும் பால் சிறிது சிறிதாகவே வருவதால், முழு வேகத்தில் குளிரூட்டினால் அடியில் உறைந்து சவ்வு உடையும். தொட்டியில் சுமார் பத்தில் ஒரு பங்கு பால் சேரும்வரை குளிரூட்டியைத் தாமதிக்க வேண்டும், அல்லது குறைந்த வேகத்தில் விட்டுவிட்டு இயக்க வேண்டும்.