300 எம்பி பிளான் போட்டும் அலாரம் ஏன் வரல?

பல்லடம் பக்கத்துல ஒரு கறிக்கோழிப் பண்ணை, போன மாசம் காலைல ஆறு மணிக்கு அங்கிருந்து போன். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க"ன்னு மட்டும் சொன்னாரு, குரலே சரியில்ல. போய்ப் பாத்தா ஷெட்டுக்கு வெளிய செத்த கோழிகளை சாக்கு சாக்கா கட்டி வெச்சிருக்காங்க. ராத்திரி ரெண்டு மணி சுமாருக்கு ஒரு ஃபேஸ் போயிருக்கு, அந்த ஃபேஸ்ல இருந்த ஃபேன் எல்லாம் நின்னுருக்கு, உள்ள சூடு ஏறியிருக்கு, சென்சார் பெட்டியோட மெமரில 38 டிகிரின்னு ஒழுங்கா பதிவும் ஆகியிருக்கு. ஆனா பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி வீட்ல தூங்கிட்டு இருந்த பண்ணை ஓனர் போனுக்கு அலாரம் வரவே இல்ல. 1,800 கோழி. இன்னும் நாலு நாள்ல லாரி ஏறியிருக்க வேண்டியது.

அவர் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி: "ஏப்ரல்லதான் 100 எம்பி பிளான்ல இருந்து 300க்கு மாத்தினேன், அதுவும் பத்தலீங்களா தம்பி? 500 போட்டுறலாமா?"

இதே கேள்வி இந்தக் கோடைல எனக்கு நாலாவது தடவை. ஒரு நூல் மில்லுல ஈரப்பத சென்சார், ஒரு அபார்ட்மெண்ட்ல தண்ணி டேங்க் லெவல் சென்சார், ஒரு ஐஸ்கிரீம் குடோன்ல ஃப்ரீசர் சென்சார், எல்லா எடத்துலயும் "ஸ்பீடு பத்தல போல". தயவுசெஞ்சு இதை இன்னைக்காவது மனசுல ஏத்திக்குங்க. உங்க சென்சாருக்கும் ஸ்பீடுக்கும் சம்பந்தமே கிடையாது.

கணக்குப் போட்டுக் காட்டறேன். ஒரு வெப்பநிலை சென்சார் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு 50 பைட் அனுப்புதுன்னு வெச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம், ஆக 72,000 பைட். அந்தப் பண்ணைல 40 சென்சார், எல்லாம் சேத்தா கிட்டத்தட்ட 29 லட்சம் பைட், அதாவது 3 எம்பி கூட வரல, அதுவும் ஒரு முழு நாளைக்கு. பாக்கெட்டோட தலைப்பு, உறை, பாதுகாப்புப் பூட்டு எல்லாத்துக்கும் சேத்து மூணு மடங்குன்னு வெச்சாலும் 10 எம்பிக்குள்ள முடிஞ்சுது. காலைல உங்க மச்சான் வாட்ஸ்அப்ல அனுப்பற ஒரு வீடியோ அதைவிட பெருசு. இதுக்குப் போய் நொடிக்கு 300 மெகாபிட் (பிளான்ல எம்பின்னு சொல்றது அதைத்தான்) எதுக்குங்க? லோராங்கற ரேடியோ முறைல நொடிக்கு வெறும் சில நூறு பிட் வேகத்துல, மெகாபிட் இல்ல, வெறும் பிட்டு, வயக்காட்ல இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர் தாண்டி ரீடிங் வந்து சேருது, பேட்டரி வருஷக்கணக்கா நிக்குது. நம்ம நாட்ல 865ல இருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இதுக்கு லைசென்ஸே வேண்டாம்.

அப்ப ஏன் கட் ஆகுதுன்னா, வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். ஊர்க்கூட்டத்துல ஒரே ஒரு மைக் இருக்குன்னு நெனச்சுக்குங்க. உங்க எட்டு கேமராவும் அந்த மைக்கை வாங்கி விடாம பேசிட்டே இருக்கு, வாட்ச்மேன் போன்ல படம் ஓடுது, ஷெட்டோட கடைக்கோடில தகரத்துக்கும் கம்பிவலைக்கும் பின்னால இருக்கற சென்சார் பாவம் "38 டிகிரி"ன்னு ரெண்டு வார்த்தை சொல்ல மைக் கெடைக்காம நிக்குது. சிக்னல் வீக்கா இருக்கற கருவி மெதுவாத்தான் பேசும், அதனால அது மைக் புடிச்சா மத்தவங்களுக்கும் தாமதம். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11ன்னு மூணே மூணு, பெரும்பாலான சென்சார் அதுலதான் ஓடுது. பிளானை 300 ஆக்குனா ரவுட்டர்ல இருந்து வெளிய போற ரோடு அகலமாகும், உள்ள இருக்கற மைக் ஒண்ணுதான்.

ஆனா அன்னைக்கு ராத்திரி கழுத்தறுத்தது அது கூட இல்ல. நான் போனப்ப ரவுட்டர் ஹேங் ஆகிக் கெடந்துச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ரெண்டு நிமிஷம் நல்லா ஓடி மறுபடி திணற ஆரம்பிச்சுது. லேப்டாப்பை மாட்டி கனெக்ஷன் லிஸ்ட்டைத் தெறந்தா, 192.168.1.108ங்கற ஒரே அட்ரஸ், ஊர் பேர் தெரியாத அட்ரஸுக்கெல்லாம் 23ஆம் நம்பர் போர்ட்ல, அதாவது கருவிக்குள்ள நுழையற ஒரு பழைய வாசல்ல, கதவைத் தட்டிட்டே இருக்கு, ஸ்க்ரீன் நிக்காம ஓடுது. யாருடா அந்த 108ன்னு தேடிப் போனா, ஆபீஸ் ரூம் பரண் மேல தூசி படிஞ்ச டிவிஆர் பொட்டி, கேமரா படத்தைப் பதிவு பண்றதுக்குப் போட்டது. ஆறு வருஷம் பழசு. யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டு 123456. போட்டுக் குடுத்தவர் "வெளிய இருந்து பாக்கணும்ல"ன்னு ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத நெட் அட்ரஸ், வாங்க வெச்சு, வெளிய இருந்து வர்ற எல்லாத்தையும் நேரா ஒரே பொட்டிக்கு விடற டிஎம்ஸெட்ங்கற செட்டிங்கையும் ரவுட்டர்ல ஆன் பண்ணிட்டுப் போயிருக்காரு. அப்படின்னா வீட்டு முன்கதவைக் கழட்டி வெச்சுட்டுப் போன மாதிரி. எவனோ எப்பவோ உள்ள வந்து பொட்டியைப் புடிச்சு மத்த ஊரைத் தாக்க வெச்சிருக்கான். சின்ன ரவுட்டரால அத்தனை ஆயிரம் கனெக்ஷனை ஞாபகம் வெச்சுக்க முடியாது, மெமரி நெறஞ்சு நின்னுடுச்சு. டிவிஆர் கேபிளை உருவினேன், ரவுட்டர் அமைதியாயிடுச்சு.

"என் கோழிப்பண்ணையை ஹேக் பண்ணி எவனுக்கு என்ன லாபம்?"னு கேக்காதீங்க, அவனுக்கு உங்க கோழி வேண்டாம், உங்க பொட்டியும் உங்க கனெக்ஷனும்தான் வேணும். 2016ல மிராய்னு ஒரு வைரஸ் மாதிரி புரோகிராம் வந்துச்சு. பெரிய மூளை எதுவும் தேவைப்படல, கம்பெனில இருந்து வர்ற பாஸ்வேர்டு ஒரு அறுபது சொச்சத்தை லிஸ்ட் போட்டு வெச்சுக்கிட்டு, நெட்ல தெரியற ஒவ்வொரு கேமரா, டிவிஆர், ரவுட்டர்லயும் போட்டுப் பாத்துட்டே போச்சு. லட்சக்கணக்குல மாட்டுச்சு. அதே வருஷம் அக்டோபர் 21ஆம் தேதி அந்தப் பொட்டிங்க எல்லாம் சேந்து டைன்ங்கற டிஎன்எஸ் கம்பெனியை (வெப்சைட் பேரை நெட் அட்ரஸா மாத்திக் குடுக்கறவங்க) அடிச்சதுல அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறுச்சு. அதை எழுதுனது காலேஜ் வயசுப் பசங்க. கோடை அவங்களே நெட்ல போட்டுட்டதால அதோட பேரன் பேத்திங்க இன்னைக்கு வரைக்கும் நெட்ல சுத்திட்டுத்தான் இருக்கு.

இங்கிலாந்துல 2024 ஏப்ரல் 29ல இருந்து எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விக்கறதே சட்டவிரோதம். நம்ம நாட்லயும் 2025 ஏப்ரல்ல இருந்து புதுசா வர்ற சிசிடிவி கேமராவுக்கு பாதுகாப்பு டெஸ்ட் கட்டாயம் ஆக்கியிருக்காங்க, ரொம்ப நல்லது. ஆனா ஏற்கனவே உங்க பரண்ல உக்காந்திருக்கற பொட்டியை அந்தச் சட்டம் வந்து மாத்தாது, நீங்கதான் மாத்தணும்.

இனிமே வர்ற நெட்வொர்க் எப்படி இருக்கப்போகுதுன்னு தெரிஞ்சா இப்ப எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாதுன்னு புரியும், அதனால கொஞ்சம் பொறுத்துப் படிங்க. பழைய ஐபி அட்ரஸ் (ஐபிவி4) மொத்தமே 430 கோடி சொச்சம்தான், உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் தேதியே தீந்துபோச்சு. அதனாலதான் உங்க நெட் கம்பெனி பல வீட்டுக்கு ஒரே அட்ரஸை பங்கு போட்டுக் குடுக்குது, அதனாலதான் கேமரா பாக்க ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்கறாங்க. அதுக்கு அடுத்து வந்த ஐபிவி6ல அந்தப் பஞ்சமே இல்ல, ஒவ்வொரு பல்புக்கும் சொந்த அட்ரஸ் குடுக்கலாம். ஆனா அட்ரஸ் இருக்குங்கறதுக்காக கதவைத் தெறந்து போடணும்னு இல்ல. வெளிய இருந்து தானா வர்ற எதையும் உள்ள விடாதேன்னு ஃபயர்வால்ல ஒரு வரி இருக்கணும், அது ஐபிவி6க்கும் ஆன்ல இருக்கான்னு போட்டுக் குடுக்கறவர்கிட்ட கேளுங்க. (தொழில்ல இருக்கற தம்பிங்களுக்கு: ஐபிவி4க்கு மட்டும் ரூல் போட்டுட்டு ஐபிவி6ஐ அப்படியே விட்டுட்டு வர்றீங்க, நானே பாத்திருக்கேன், திருத்திக்குங்க.)

இன்னொண்ணு, சின்ன சென்சாருக்கு இந்த ஐபிவி6 ரொம்பப் பெருசு. பேட்டரி சென்சார் பேசற 802.15.4 ரேடியோல ஒரு தடவைக்கு 127 பைட்தான் போகும், ஐபிவி6 சட்டம் என்னன்னா குறைஞ்சது 1,280 பைட் போற வழி இருக்கணும். ஒத்தையடிப் பாதைல லாரியை விடற கதை. அதுக்காகவே தலைப்பைச் சுருக்கி, பெரிய பாக்கெட்டைத் துண்டு போட்டு அனுப்பற 6லோபேன்னு ஒரு முறை வந்து பல வருஷமாச்சு, இன்னைக்கு வீட்டுக் கருவிங்க பேசிக்கற த்ரெட்னு ஒரு முறை சொல்றாங்களே, அதுக்கு அடித்தளம் அதுதான். 2019ல மட்னு ஒரு தரமும் வந்துச்சு, எனக்கு ரொம்பப் புடிச்சது. "நான் ஒரு தெர்மாமீட்டர், நான் இந்த ஒரு சர்வர்கிட்ட மட்டும்தான் பேசுவேன்"னு கருவியே நெட்வொர்க்குக்கு எழுதிக் குடுத்துடும், அதுக்கு மேல எங்க பேசப் போனாலும் நெட்வொர்க் தடுத்துடும். அந்த டிவிஆருக்கு இப்படி ஒரு காவல் இருந்திருந்தா அன்னைக்கு ராத்திரி அலாரம் வந்திருக்கும். கடைல கெடைக்கற சாதா ரவுட்டர்ல இது இன்னும் வரல, அதனால நாம கைல செய்யணும்.

5ஜியும் அப்படித்தான். கடைக்காரர் உங்ககிட்ட ஸ்பீடை மட்டும்தான் சொல்லியிருப்பாரு. ஆனா அதுக்கு எழுதின இலக்குல ஒரு சதுர கிலோமீட்டருக்குள்ள 10 லட்சம் கருவியைத் தாங்கணும்னும் ஒண்ணு இருக்கு, அது நம்ம மாதிரி ஆளுங்களுக்காக எழுதினது.

சரி, செய்ய வேண்டியது. கேமராவுக்கு ஒரு நெட்வொர்க், சென்சாருக்கு ஒண்ணு, வீட்டு ஆளுங்க போனுக்கு ஒண்ணுன்னு பிரிங்க. விஎல்ஏஎன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியா பிரிக்கற முறை) போட ஆள் இல்லன்னா ரவுட்டர்ல இருக்கற கெஸ்ட் வைஃபையையாவது கருவிங்களுக்கு ஒதுக்குங்க. கேமராவை முடிஞ்ச வரைக்கும் கேபிள்ல இழுங்க, அது ஒண்ணே மைக்கைப் பாதி காலி பண்ணிடும். டிஎம்ஸெட், போர்ட் ஃபார்வர்டிங் (வெளிய இருந்து ஒரு கருவிக்கு வழி தெறந்து விடறது) ரெண்டையும் இன்னைக்கே ஆஃப் பண்ணுங்க, வெளிய இருந்து பாக்கணும்னா விபிஎன், அதாவது பூட்டு போட்ட தனி வழி, போட்டுப் பாருங்க. பாஸ்வேர்டை மாத்துங்க, மாத்துனதை டிவிஆர் மேலயே ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டாதீங்க. அப்டேட்டே வராத பொட்டியை, நல்லா ஓடுதேன்னு பாக்காம கழட்டிடுங்க. மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் வெச்சிருக்கறவங்க அது 2ஜி சிம்லயா ஓடுதுன்னு பாத்துக்குங்க, 2ஜியே இல்லாத கம்பெனிக்கு சிம்மை மாத்திட்டு "ஸ்டார்ட்டர் ரிப்பேர்"னு மெக்கானிக்கை கூப்பிட்டவங்க ரெண்டு பேரு எனக்குத் தெரியும்.

எல்லாத்தையும் விட முக்கியம், உயிர் சம்பந்தப்பட்ட முடிவை இன்டர்நெட்டுக்கு அனுப்பி அங்கிருந்து திரும்பி வரட்டும்னு விடாதீங்க. அந்தப் பண்ணைல சென்சார்ல இருந்து ரவுட்டர், ரவுட்டர்ல இருந்து எங்கயோ ஒரு சர்வர், சர்வர்ல இருந்து அவர் போன், இத்தனை கை மாறித்தான் அலாரம் வரணும். இப்ப ஷெட்டுக்குள்ளயே ஒரு கண்ட்ரோலர் வெச்சு, 33 டிகிரி தாண்டினா நெட் இருந்தாலும் இல்லாட்டியும் சைரன் அடிக்கற மாதிரி பண்ணியிருக்கோம், பேட்டரி பேக்கப்போட. வாட்ச்மேன் காதுல விழும். கூடவே தனி சிம்ல இருந்து போனுக்கு கால் போகும். செலவு, ஒரு வருஷ 300 எம்பி பிளானை விட கம்மி.

ஒரு வேலை மட்டும் இந்த வாரமே செய்யுங்க, கெஞ்சிக் கேக்கறேன். பகல்ல, ஆள் பக்கத்துல இருக்கும்போது, ரவுட்டர் பிளக்கைப் புடுங்கி வெச்சுட்டு ஒரு சென்சாரைக் கைல புடிச்சு சூடு பண்ணுங்க, சுடுதண்ணி டம்ளர் மேல வெச்சா கூடப் போதும். பத்து நிமிஷம் நில்லுங்க. சைரன் அடிக்கலைன்னா அன்னைக்கு ராத்திரி யாராவது ஒருத்தர் ஷெட்லயே படுங்க.