டெஸ்ட் நெகடிவ், சரி. காய்ச்சல் எத்தனையாவது நாள்?

போன வாரம் ஒரு பையன் வந்தான். மூன்று வயது, 14 கிலோ. அம்மாவின் தோளை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். இறக்கிவிட்டால் காலை ஊன்றாமல் அழுகிறான். நான் வாயைத் திறக்கும் முன்பே அப்பா பிளாஸ்டிக் கவரிலிருந்து நான்கு தாளை எடுத்து மேசையில் பரப்பினார். நான்கும் கொரோனா பரிசோதனை முடிவுகள். நான்கும் நெகடிவ்.

"நாலு வாட்டி எடுத்துட்டோம் மேடம். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. காய்ச்சல் மட்டும் விடமாட்டேங்குது."

"காய்ச்சல் ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு?"

அவருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. போனில் ஒரு படம் காட்டினார். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர். பால் கணக்கு எழுதும் அதே கட்டங்களில், காய்ச்சல் அடித்த நாளுக்கெல்லாம் ஒரு பெருக்கல் குறி. எண்ணினேன். பன்னிரண்டு.

பன்னிரண்டு நாளில் மூன்று டாக்டர், இரண்டு ஆன்டிபயாடிக், மூக்கில் நான்கு முறை குச்சி. பையனின் முகக்கவசத்தைக் கழற்றி வாயைப் பார்த்தவர் யாரும் இல்லை. கழற்றச் சொன்னேன். உதடு சிவந்து, வெடித்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்து கிடந்தது. விரல் நுனிகளில், நகத்தை ஒட்டி, வெங்காயச் சருகு மாதிரி தோல் உரியத் தொடங்கியிருந்தது. அன்று மாலையே இதயத்துக்கான ஸ்கேன், எக்கோ, எடுத்தோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கரோனரிக் குழாய், இந்த வயதில் 2 மில்லிமீட்டரைச் சுற்றி இருக்க வேண்டியது, 4-ஐத் தாண்டி வீங்கியிருந்தது.

இரண்டு மாதத்தில் இப்படிப் பிந்தி வந்த மூன்றாவது குழந்தை இவன். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நோயின் பெயர் கவாசாகி. "பைக் பேர் மாதிரி இருக்கே மேடம்" என்றார் அப்பா. எல்லா அப்பாவும் அதைத்தான் சொல்வார்கள். பைக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டோமிசாகு கவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர், டோக்கியோவில் 1961-இல் நான்கு வயதுப் பையன் ஒருவனிடம் இதை முதலில் பார்த்தார். இன்னது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. அதே சாயலில் வந்த குழந்தைகளையெல்லாம் குறித்துக்கொண்டே இருந்து, 50 பேரின் விவரத்தோடு 1967-இல் கட்டுரை எழுதினார். 2020 ஜூனில், கொரோனா பெருந்தொற்றுக்கு நடுவே, 95 வயதில் காலமானார். அவரிடம் எக்கோ கிடையாது, இன்றைக்கு நாம் எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் பாதி கிடையாது. குழந்தையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இந்த நோய் ஏன் வருகிறது என்பது இன்னும் உறுதியாகத் தெரியாது. எப்போது பிடிக்க வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். சிகிச்சை இல்லாமல் விட்டால் நான்கில் ஒரு குழந்தைக்குக் கரோனரிக் குழாய் வீங்குகிறது. காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (தானம் தந்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றிவிட்டால் அது இருபதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். பத்து நாள் தாண்டியும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் அப்போதும் ஏற்றுவோம். இந்தப் பையனுக்கு ஏற்றினோம். கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் 28 கிராம், 5 கிராம் குப்பியில் ஆறு. விலை சொன்னதும் அப்பா வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். மறுநாள் ரவுண்ட்ஸில் பார்த்தேன், அம்மாவின் கழுத்தில் செயின் இல்லை. அதே பணத்தை ஆறாம் நாள் கொடுத்திருந்தால் குழாய் தப்பித்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

இப்போது அந்த நெகடிவ் தாளுக்கு வருகிறேன்.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். ஆர்டி-பிசிஆர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: குச்சி விட்ட அந்த நேரத்தில் மூக்கில், தொண்டையில் கொரோனா வைரஸ் சிக்கியதா, இல்லையா. குழந்தைக்கு வேறு ஒன்றும் இல்லை என்று அது சொல்லவே இல்லை. டைபாய்டு இல்லை என்று சொல்லவில்லை, டெங்கு இல்லை என்று சொல்லவில்லை, கவாசாகி இல்லை என்று சொல்லவில்லை. "நெகடிவ்" என்ற சொல்லை நாம்தான் "ஒண்ணுமில்லை" என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். மறுநாளும் காய்ச்சல் அடித்தால் திரும்ப அதே டெஸ்ட், திரும்ப அதே "ஒண்ணுமில்லை". நான்கு முறை கேட்டாலும் அந்தத் தாளுக்கு ஒரே பதில்தான் தெரியும்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. கொரோனாவை அடுத்தே வருகிற மிஸ்-சி, குழந்தைகளின் பல உறுப்புகளை ஒரே நேரத்தில் தாக்கும் அழற்சி நோய். 2020 ஏப்ரல் கடைசியில் இங்கிலாந்து மருத்துவர்கள் எச்சரித்தார்கள், மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் பெயர் சூட்டி வரையறை கொடுத்தது. இரண்டாம் அலை ஓய்ந்த 2021 ஜூனில் எங்கள் வார்டுக்கே வந்து சேர்ந்தது. தொற்று வந்து இரண்டிலிருந்து ஆறு வாரம் கழித்து வரும். வைரஸ் போய்விட்டிருக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி மட்டும் அடங்காமல் இதயம், குடல் என்று போட்டுத் தாக்கிக்கொண்டிருக்கும். மழை விட்டும் தூவானம் விடாத கதை. மூக்கில் குச்சி விட்டால் பெரும்பாலும் நெகடிவ்தான் வரும். வீட்டில் யாருக்கோ இருமல் வந்தபோது குழந்தை ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்திருக்கும். "இவனுக்கு கொரோனாவே வரலையே" என்பார்கள். வந்திருக்கும், தெரிந்திருக்காது.

உடனே அடுத்த கோடிக்கு ஓடாதீர்கள். ரத்தத்தில் கொரோனா ஆன்டிபாடி (தொற்றோ தடுப்பூசியோ விட்டுச் செல்லும் எதிர்ப்புப் புரதம்) பாசிடிவ் என்றதும் "அப்போ மிஸ்-சி" என்று முத்திரை குத்துவதும் தப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்த நான்காவது சீரோ சர்வே முடிவு 2021 ஜூலையில் வந்தது; 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 67.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. ஊரில் பாதிக்கு மேல் பாசிடிவ் என்றால் அந்தத் தாளை மட்டும் வைத்து என்ன முடிவு செய்வீர்கள்? குழந்தையைப் பாருங்கள்.

பெற்றோருக்கு, எதைப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் காய்ச்சல். அதோடு இரண்டு கண்ணும் கோவைப்பழமாய்ச் சிவக்கும், ஆனால் பீளை இருக்காது. உதடு, நாக்கு சிவக்கும். உடம்பில் தடிப்பு வரும். நம் நிறத்துக்கு அது பளிச்சென்று தெரியாது, வெயில் வெளிச்சத்தில் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளங்கை, பாதம் வீங்கும், "செருப்பு போட மாட்டேங்குறான்" என்பது அதன் வீட்டு மொழி. கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டும், பொன்னுக்கு வீங்கி என்று நினைத்துவிடுவோம். கைக்குழந்தை என்றால் பிறந்ததும் போட்ட பிசிஜி தழும்பைப் பாருங்கள், இடது தோளில். திடீரென்று அது சிவந்து தடித்திருந்தால் எனக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி.

எல்லாம் ஒரே நாளில் வராது. திங்கள் வந்த தடிப்பு புதன் மறையும், வியாழன் கண் சிவக்கும். அதனால் போனில் படம் எடுத்து வையுங்கள், தேதியோடு. எத்தனையோ வீடியோ எடுக்கிறீர்கள், இதையும் எடுங்கள். ராத்திரி டியூப்லைட்டில் எடுத்து வாட்ஸ்அப்பில் "பாத்து மருந்து சொல்லுங்க மேடம்" என்று அனுப்ப அல்ல. நேரில் வரும்போது காட்ட. ஆஸ்பத்திரிக்கு வந்தால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. நாங்களும் அதே பயத்தோடுதான் வேலைக்கு வருகிறோம். வாருங்கள்.

அப்பத்தா "அம்மை போட்டிருக்கு, ஊசி போடக் கூடாது" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். மெடிக்கலில் சொல்லி வாங்கும் "காய்ச்சல் செட்" மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் அடங்கின மாதிரி தெரியும், நாள் போய்விடும்.

கொஞ்சம் பெரிய பிள்ளை, காய்ச்சலோடு வயிற்றுவலி, வாந்தி, பேதி, கண் சிவப்பு, கை கால் சில்லிட்டு, சோர்ந்து படுத்தே கிடக்கிறது, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் ஐந்து நாள் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அது மிஸ்-சியாக இருக்கலாம், ரத்த அழுத்தம் சரியும், இதயத் தசை துவளும். அன்றைக்கே ஆஸ்பத்திரி. வீட்டில் முன்பு யாருக்காவது கொரோனா வந்திருந்தால் கேட்காமலே சொல்லுங்கள். சரியான நேரத்தில் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதயம் சில வாரங்களில் தேறிவிடுகிறது, நானே பார்க்கிறேன்.

சக மருத்துவர்களுக்கும் ஒன்று. பிபிஇ பாதுகாப்பு உடையில் கண்ணாடி பனிபிடித்து நாக்கு தெரியவில்லை என்பது நிஜம், எனக்கும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்ப்போம். ஆன்டிபயாடிக் கொடுத்த மறுநாள் தடிப்பு வந்தால் "மருந்து அலர்ஜி" என்று எழுதும் முன் காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கேட்போம். முதல் எக்கோ நார்மல் என்றால் கவாசாகி இல்லை என்று ஆகாது. ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஐந்து அறிகுறியில் நான்கு தேறும் வரை காத்திருந்தால் குழாய் காத்திருக்காது. காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் தாண்டினால் சிஆர்பி, ஈஎஸ்ஆர் என்ற அழற்சிக்கான ரத்தப் பரிசோதனைகள், எக்கோ. எக்கோ வசதி இல்லையா, அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றாலும்.

பையனுக்கு ஏற்றிய மறுநாளே காய்ச்சல் இறங்கியது. இப்போது குறைந்த அளவு ஆஸ்பிரினில் வீட்டில் இருக்கிறான். அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது, வேறு பிள்ளைக்குக் கொடுக்கவும் கூடாது; சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தவர் பக்கத்தில் இருந்தால் உடனே எனக்கு போன். இம்யூனோகுளோபுலின் ஏற்றியதால் எம்எம்ஆர், சின்னம்மை தடுப்பூசிகள் 11 மாதம் தள்ளித்தான் போட வேண்டும், அட்டையின் மேலே சிவப்புப் பேனாவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த எக்கோ அடுத்த புதன். "சைக்கிள் ஓட்டலாமா மேடம்?" என்று அம்மா கேட்டார். எக்கோ பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.