தராசுக்கு மலை தெரியுமா?

நுவரெலியாப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர்கள் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் புதிதாக ஒரு மின்னணுத் தராசு வந்திருக்கிறது. கொழும்பில் அளவுதிருத்தம் செய்து, பச்சை ஒட்டுத்தாளும் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் பழைய தராசோடு ஒப்பிட்டால் சாக்குக்கு அரைக் கிலோ குறைகிறது. கேட்டால், "மலையில் புவியீர்ப்பு குறைவு, அப்படித்தான் காட்டும்" என்று பதில் வருகிறதாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அவருடைய மகளும், "அது சரிதானே அப்பா" என்கிறாளாம்.

மகள் சொல்வது சரி. பதில் சொன்னவர் செய்ததுதான் சரியில்லை. உண்மையான ஒரு காரணத்தை எடுத்து, அதனால் சுமக்க முடியாத பாரத்தை அதன் தலையில் ஏற்றியிருக்கிறார்.

தராசு விஷயத்தில் நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மா கொழுந்து பறித்தவர். முக்காலியில் தொங்கும் விற்றராசின் முள் ஆடி ஓய்வதற்குள் எண் சொல்லப்பட்டுவிடும். கூடைக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கழிவும் போய்விடும். அன்றைக்கு முழு நாள் சம்பளமான முழுப் பேரா, பாதிச் சம்பளமான அரைப் பேரா என்பது அந்த முள்ளின் கையில் இருந்தது.

திணிவு வேறு, நிறை வேறு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இருபுறமும் தட்டுள்ள பழைய தராசில் கொழுந்து ஒரு பக்கம், படிக்கல் மறுபக்கம். மலையில் ஏறினால் இரண்டும் ஒரே அளவில் இலேசாகும். ஆகவே அது மலையைப் பொருட்படுத்தாது. விற்றராசும் மின்னணுத் தராசும் அப்படியல்ல. அவை அளப்பது பூமி இழுக்கும் விசையை மட்டுமே.

மின்னணுத் தராசின் தட்டைக் கழற்றிப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். உள்ளே ஒரு சாண் நீளத்தில் ஓர் அலுமினியக் கட்டை. அதன் நடுவே இரண்டு வட்டங்கள் ஒட்டிப் பிறந்தது போல ஒரு துளை. கட்டையின் ஒரு முனை அடிச்சட்டத்தில் முறுக்கப்பட்டிருக்கும். மறுமுனை தட்டைத் தாங்கும். அவ்வளவுதான். ஆனால் அந்தத் துளையில் இருக்கும் சாமர்த்தியத்தை எத்தனை முறை விளக்கினாலும் எனக்குச் சலிப்பதில்லை.

சாக்கை வைத்ததும் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகிறது. துளை இருப்பதால் ஒரே வில்லாக வளையாமல், பாம்பு நெளிவது போல இரட்டை வளைவாக வளைகிறது. மேற்பரப்பில், முறுக்கிய முனைக்கு அருகில் உலோகம் இழுபடும். தட்டைத் தாங்கும் முனைக்கு அருகில் அமுங்கும். கீழ்ப்பரப்பில் இதற்கு நேர்மாறு. உலோகம் மெலிந்திருக்கும் இந்த நான்கு இடங்களிலும் ஆளுக்கொரு விகார மானி ஒட்டப்பட்டிருக்கும். விகார மானி என்பது மெல்லிய படலத்தில் நெளிநெளியாக ஓடும் உலோக இழை. இழுபட்டால் நீண்டு மெலிந்து அதன் மின்தடை கூடும், அமுங்கினால் குறையும். 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் ஆகிய இருவரும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள்.

நான்கு மானிகளையும் வீட்ஸ்டன் பாலம் என்ற சதுர வடிவ மின்சுற்றாக இணைக்கிறார்கள். இந்தப் பாலம் வித்தியாசத்தை மட்டுமே காதில் வாங்கும். சாக்கைத் தட்டின் நடுவில் வைக்காமல் ஓரமாக வைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டை கூடுதலாகத்தான் வளையும். ஆனால் அந்தக் கூடுதல் வளைவு இரண்டு முனைப் பக்கமும் ஒரே அளவில் ஏறுவதால், அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் மாறாது. எண்ணும் மாறாது. அதிகாலைப் பனியில் நான்கு இழைகளும் ஒன்றாகக் குளிர்ந்தாலும், மதிய வெயிலில் ஒன்றாகச் சூடேறினாலும் அப்படியே: எல்லோருக்கும் பொதுவான மாற்றத்தைப் பாலம் கண்டுகொள்வதில்லை. ஓர் அலுமினியத் துண்டில் துளையிட்டு, சாக்கு எங்கே இருக்கிறது என்பதை மறக்கவும் எவ்வளவு பாரம் என்பதை மட்டும் நினைவில் வைக்கவும் அதைப் பழக்கியிருக்கிறார்கள்!

இந்தப் பாலத்திலிருந்து வருவது மிகச் சிறிய மின்னழுத்தம். 50 கிலோ தராசு ஒன்றுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரத்தில் 10 மில்லிவோல்ட் அளவில் கிடைக்கும். கவனியுங்கள், இதில் கிலோகிராம் எங்கேயும் இல்லை. யாரோ ஒருவர் 20 கிலோ நியமப் படிக்கல்லைத் தட்டில் வைத்து, "இப்போது வருகிறதே, இதுதான் இருபது" என்று தராசுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கொழும்பில் சொல்லிக்கொடுத்தால் தராசு கொழும்பின் இழுவையோடு சேர்த்துத்தான் பாடம் படிக்கும்.

அந்தத் தராசு ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு வந்தால் என்ன ஆகும்? பூமியின் மையத்திலிருந்து விலகிய கணக்கை மட்டும் போட்டால் 20 கிலோவுக்கு 12 கிராம் குறையும். ஆனால் காலுக்குக் கீழே மலை சும்மா நிற்கவில்லை. அதுவும் தன் பங்குக்கு இழுத்து, குறைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றைத் திருப்பித் தருகிறது. ஆக, மொத்தம் 10 கிராமுக்குள். கொழுந்து நிறுக்கும் தராசு பல சமயம் 10 அல்லது 20 கிராம் படிகளில்தான் எண்ணைக் காட்டும். இந்தக் குறைவு அதன் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். உயரத்தை விட அகலக்கோடு பொல்லாதது: நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பூமியின் இழுவை குறையும். ஜேர்மனியில் பாடம் படித்த தராசை நேரே இங்கே கொண்டுவந்தால் 20 கிலோவுக்கு 65 கிராம் அளவில் குறைத்துக் காட்டும். 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தை, நம்மைப் போலவே நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள, தென் அமெரிக்காவின் கயேனுக்கு எடுத்துப்போனார். அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. இழுவை குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும், அதே சங்கதிதான்.

எனவே அரைக் கிலோவுக்குப் புவியீர்ப்பைக் குற்றம் சொல்ல முடியாது. ஐம்பது மடங்கு பெரிய களவை அதன் தலையில் கட்டுகிறார்கள்.

இடத்தை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் பங்குக்கும் ஒரு கதை உண்டு. ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துச் சோதித்தேன். 94 பாகை காட்டியது. ஆறு பாகை பிழை என்று குப்பையில் போட்டேன். அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 94இல்தான் என்பது இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. உருகும் பனிக்கட்டியில் வைத்திருந்தால் எந்த மலையிலும் பூச்சியம் காட்டியிருக்கும், பாவம்.

இனி அந்தப் பச்சை ஒட்டுத்தாள். "அளவுதிருத்தம்" என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. அளவுதிருத்தத்தில் யாரும் எதையும் திருத்த வேண்டியதில்லை. தராசு வேலை செய்யும் இடத்திலேயே படிக்கற்களை ஏற்றியும் இறக்கியும், நான்கு மூலைகளில் மாற்றி வைத்தும், எங்கே எவ்வளவு பிழை என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அந்தப் பிழையை எவ்வளவு நம்பலாம் என்ற நிச்சயமின்மையும் பக்கத்தில் இருக்க வேண்டும். பயன்படுத்தும் எம்1 என்ற துல்லிய வகுப்பைச் சேர்ந்த 20 கிலோ இரும்புக் கல்லில் அனுமதிக்கப்படும் பிழை ஒரு கிராம். அந்தக் கல்லை அதைவிட நுட்பமான கல்லோடு ஒப்பிட்டிருப்பார்கள், அதை இன்னொன்றோடு. சங்கிலியின் உச்சியில் 1889 முதல், கிலோகிராம் என்றால் இதுதான் என்று பாரிஸ் அருகே வைத்திருந்த ஒரு பிளாட்டினம் இரிடியம் உருளை இருந்தது. 2019 மே 20 முதல் அந்த இடத்தில் பிளாங்க் மாறிலி என்ற, எங்கும் மாறாத இயற்கை எண் இருக்கிறது. இலங்கையின் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டுச் சட்டத்தின்படி அரசாங்கம் குத்தும் முத்திரை வேறு விஷயம். வியாபாரத்துக்கு அனுமதித்த எல்லைக்குள் தராசு இருக்கிறது என்று அது சொல்லும். பிழை எத்தனை கிராம் என்பது அளவுதிருத்த அறிக்கையில்தான் இருக்கும்.

எண்கள் இல்லாத ஒட்டுத்தாள் தாயத்து மாதிரி. சரஸ்வதி பூசைக்குத் தராசுக்குச் சந்தனப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பொட்டு வைத்த பிறகு பூச்சியத்தைச் சரிசெய்தால் போதும். ஒட்டுத்தாளைப் பார்த்துக் கும்பிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. செயற்கைக்கோள் பேச்சுக்கெல்லாம் பணம் ஒதுக்கும் நாட்டில், தோட்டப்புறப் பாடசாலைக்கு ஒரு 20 கிலோ நியமக் கல் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடமும் ஆயிற்று, ஊருக்கு நீதியும் ஆயிற்று என்பது என் கட்சி.

வாசகருக்கு: அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் மகள் ஒரு வேலை செய்யட்டும். தராசின் அடியில் சரளைக் கல்லோ தேயிலைக் குச்சியோ தட்டை முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கட்டும். அரைக் கிலோவை விழுங்க அது போதும். தட்டில் ஒன்றும் இல்லாதபோது எண் பூச்சியமா, கழிவு முன்கூட்டியே பதியப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பிறகு பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றை நடுவிலும் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து, ஐந்து எண்களையும் எழுதி எனக்கு அனுப்பட்டும். மூலைக்கு மூலை எண் மாறினால் கோளாறு அலுமினியக் கட்டையின் பக்கம். ஐந்தும் ஒன்றாகவே இருந்து, ஐந்தும் ஒரே அளவில் குறைந்தால், தராசை விட்டுவிட்டு அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரைத் தேடுவோம்.