கல்லில் பதிந்த முகம் ஏன் இடம் வலம் மாறவில்லை?

"கல்லச்சுப் படத்தில் ஆள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித்தானே இருப்பார்? அப்படியானால் உருவப்படம் எப்படிச் சரியாக வரும்?" என்று ஓவிய ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். கல்லில் வரைந்து, மை தடவித் தாளில் அச்செடுப்பதுதான் கல்லச்சு (லித்தோகிராஃபி). மாறத்தான் வேண்டும். ஆனால் விஸ்லர் 1892-இல் வரைந்த பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மேயின் படத்தில் மாறவில்லை. விஸ்லர் 1834-இல் அமெரிக்காவில் பிறந்து, லண்டனிலும் பாரிஸிலும் வாழ்ந்த ஓவியர்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, கல்லச்சு அதை வைத்துத்தான் நடக்கிறது என்பது தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய படி. வரையும் கிரேயானில் கொழுப்பு அமிலம் இருக்கிறது. கல்லோ சுண்ணாம்புக்கல், கால்சியம் கார்பனேட். இரண்டும் சேர்ந்தால் கால்சியம் சோப்பு. உப்புத் தண்ணீரில் துணி துவைத்தால் நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்து வாளியில் ஒட்டிக்கொள்ளுமே, அதே பொருள்தான். தண்ணீரில் கரையாது, லேசில் போகாது. நம் வீட்டில் தொல்லையாக இருப்பது அங்கே ஓவியரின் கோட்டைக் கல்லோடு பிணைத்து வைக்கிறது.

அப்புறம் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்த கருவேலம் பிசின் போன்ற கோந்தைப் பூசுவார்கள். வரையாத இடங்களில் அது படிந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அடுத்ததுதான் அழகு. டர்பன்டைன் விட்டுத் துடைத்தால் வரைந்த கறுப்பு முழுக்கப் போய்விடும். கல் ஏறக்குறைய வெறுமையாகத் தெரியும். கல்லை நனைத்து எண்ணெய் மை ரோலரை உருட்டினால், ஈரத்தில் ஒட்டாத மை சோப்பில் மட்டும் ஒட்டி, போன முகம் கோடு கோடாகத் திரும்பி வரும்! வேதியியல் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் இதை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். ஒரு கல்லும் ஒரு ரோலரும் வாங்கக் கல்லூரிகள் பணம் ஒதுக்கினால் அது வீண் செலவே இல்லை.

இந்தக் கல்லில் சிறந்தது ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபனில் கிடைப்பது. ஆதிப்பறவை ஆர்க்கியாப்டெரிக்ஸின் புதைபடிவமும் அதே கல்லில்தான் கிடைத்தது. அதன் அறிவியல் பெயரின் பின்பாதியான 'லித்தோகிராஃபிகா' இந்த அச்சுக்கல்லைத்தான் குறிக்கிறது.

சரி, இடம் வலம் விஷயத்துக்கு வருவோம். விஸ்லர் மல்லார்மேயைக் கல்லில் வரையவில்லை. பசை பூசிய மாற்றுக் காகிதத்தில் (டிரான்ஸ்ஃபர் பேப்பர்) வரைந்தார். அதை ஈரக் கல்லின்மேல் கவிழ்த்து அழுத்தினால் பசை இளகி, கொழுப்புக்கோடு கல்லுக்குப் போய்விடும். அப்போது படம் ஒரு முறை திரும்புகிறது. கல்லிலிருந்து அச்சாகும்போது மறுபடி திரும்புகிறது. ஆகவே வலது வலதாகவே வந்துவிடுகிறது.

இது உண்மையான கல்லச்சா என்று லண்டனில் வழக்கே நடந்தது. காகிதத்தில் வரைந்ததைக் கல்லச்சு என்று விற்பது சரியல்ல என்று ஓவியர் சிக்கர்ட் எழுதினார். லண்டனில் இருந்த இன்னொரு அமெரிக்க ஓவியரான பென்னெலின் படங்களைப் பற்றி அப்படி எழுதியதால், பென்னெல் அவதூறு வழக்குப் போட்டார். 1897-இல் விஸ்லர் அவர் பக்கம் சாட்சி சொன்னார். பென்னெலுக்கு 50 பவுண்டு கிடைத்தது. தீர்ப்பு சரிதான் என்பேன்: கொழுப்பு எந்த வழியில் வந்தாலும் கல்லில் உண்டாவது அதே சோப்புதான்.

அதற்கு முந்தைய ஆண்டு, புற்றுநோயால் படுத்துவிட்ட மனைவி பீட்ரிக்ஸை லண்டன் சவாய் ஹோட்டல் அறையில் விஸ்லர் வரைந்தார். கனமான கல்லை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோய் வைக்க முடியாது. ஒரு தாளும் ஒரு கிரேயானும் போதுமாக இருந்தன. 1896 மே மாதம் பீட்ரிக்ஸ் இறந்துபோனார்.